அப்பாவின் நாடகப் பெட்டி: எதைத் துவைப்பது, எதை அப்படியே விடுவது?

மூன்றாம் வரிசை கேட்கிறார்:

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டி 1930களில் மேடையேறினார். அப்பா பகலில் அலுவலகக் கணக்கு எழுதினார், மாலையில் ஒத்திகைக்குப் போனார். அம்மா அவருடைய குழுவுக்கு உடை தைத்தார். எனக்கு மேடை பயம் அதிகம் என்பதால் நான் பார்வையாளராகவே வளர்ந்தேன். சிறுவயதிலிருந்து எனக்குப் பிடித்த இடம் மூன்றாம் வரிசை. முதல் வரிசையில் உட்கார்ந்தால் நடிகரின் பாதம் தெரியாது. ஐந்தாவதுக்குப் பின்னால் போனால் கழுத்தில் ஓடும் வியர்வை தெரியாது. இரண்டும் தெரிந்தால்தான் எனக்கு நாடகம்.

இப்போது அப்பாவுக்கு 82 வயது. பக்கவாதம் வந்து வலது கை பலவீனமாகிவிட்டது. அம்மாவுக்கு மறதி தொடங்கியிருக்கிறது. வீடு மாறுவதற்காகப் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அதில் வெல்வெட் அங்கி ஒன்று, கம்பளிக் கோட்டு இரண்டு, பட்டுச் சால்வை, பாட்டியின் ஜமிக்கி வைத்த மேற்சட்டை, ஒப்பனைப் பெட்டி, நூற்றுக்கணக்கான நிகழ்ச்சி நிரல்கள், டிக்கெட்டுகள் எல்லாம் இருந்தன. மேற்சட்டை கசங்கியிருந்ததால் ஒரு மூலையில் நீராவி காட்டினேன். என் கண்ணெதிரே ஏழெட்டு ஜமிக்கிகள் சுருண்டு, உருகி, துணியோடு ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து எதையும் தொடப் பயமாக இருக்கிறது.

இவற்றை வீட்டிலேயே எப்படிக் காப்பாற்றுவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா நாடகம் பார்க்க வருவதை நிறுத்திவிட்டார். கால் நன்றாகத்தான் இருக்கிறது. சட்டைப் பொத்தானைத் தானே போட முடியவில்லை, பிறர் போட்டுவிடவும் சம்மதிப்பதில்லை. மேடைக்குப் பின்னால் வேலை செய்தவர்களுக்கு இதற்கு ஏதாவது வழி தெரியுமா?

---

தையல் மேசை எழுதுகிறார்:

நான் 31 ஆண்டுகள் நாடக உடைப் பிரிவில் இருந்தவள். உங்கள் பாட்டியின் ஜமிக்கிகள் ஜெலட்டினால் ஆனவை. அந்தக் காலத்தில் அவை ஏராளமாகப் புழங்கின. தண்ணீர் பட்டால் கரையும், சூடு பட்டால் சுருளும். தெரியாமல் நடந்ததற்கு வருந்தாதீர்கள். இனி அந்தச் சட்டைக்குத் தண்ணீரும் வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். தட்டையாக, மடிக்காமல், அமிலமற்ற மெல்லிய தாள் சுற்றி வையுங்கள். உருகிய இடத்தைச் சுரண்டவும் வேண்டாம்.

வெல்வெட்டுக்கு நீராவி காட்டலாம், ஆனால் பின்பக்கத்திலிருந்து. முன்பக்கம் இஸ்திரிப் பெட்டி பட்டால் மயிர் அமுங்கிப்போகும், பிறகு எழாது. கருவி இல்லையென்றால் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவை மூடி, அங்கியை அரைமணி நேரம் தொங்கவிடுங்கள். ஈரம் காய்ந்தபின் மயிர் படிந்திருக்கும் திசையிலேயே மென்மையாகத் துலக்குங்கள்.

கோட்டில் வியர்வை நாற்றம் இருக்கும். பல நாடகக் குழுக்களில் மணமற்ற வோட்காவைத் தண்ணீர் கலந்து தெளிப்பானில் ஊற்றி வைத்திருப்பார்கள். ஒவ்வோர் இரவும் துவைக்க முடியாத உடைகளின் அக்குளில், உள்பக்கத்தில் அடிப்போம். ஆல்கஹால் ஆவியாகும்போது வியர்வை நாற்றம் குறையும். முதலில் உள்தையலில் ஒரு துளி விட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள். அடுப்போ விளக்குச் சுடரோ அருகில் இருக்கக் கூடாது.

கழுத்துப்பட்டையில் ஒப்பனைக் கறை இருந்தால் முதலில் தண்ணீர் விடாதீர்கள். அது மெழுகும் எண்ணெயும் கலந்தது. மேலே படிந்ததை மழுங்கிய கத்தியால் வழித்தெடுங்கள், முகப்பவுடர் தூவி ஓர் இரவு விடுங்கள், தட்டிவிட்டுப் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பை விரலால் தேயுங்கள். இது துவைக்கக்கூடிய பருத்திக்குத்தான். இரத்தக் கறை உண்மையானதாக இருந்தால் குளிர்ந்த நீர் மட்டுமே. வெந்நீர் பட்டால் அதிலுள்ள புரதம் இழையில் இறுகிவிடும்.

பட்டுச் சால்வையைத் தூக்கும்போது மடிப்புக் கோட்டில் கீறல் விழுகிறதா என்று கவனியுங்கள். பழைய பட்டுகளில் எடை கூட்டுவதற்காக உலோக உப்புகளை ஏற்றுவார்கள். அந்த உப்பே பிற்காலத்தில் இழையைத் தின்றுவிடும். அப்படிப்பட்டது என்றால் மடிக்காமல் உருளையில் சுற்றுங்கள்.

ஒப்பனைப் பெட்டியைக் கையுறை போட்டுத் திறங்கள். மெழுகு ஒப்பனைக் குச்சிகளை 1870களில் பெர்லினில் லுட்விக் லைஷ்னர் என்ற ஓப்ரா பாடகர் தயாரித்து விற்கத் தொடங்கியதே, நடிகர்கள் ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சிலிருந்து தப்புவதற்குப் பெரிய உதவியாக இருந்தது. நாம் இன்றும் ‘அரிதாரம் பூசுதல்’ என்று சொல்கிறோமே, அந்த அரிதாரம் ஆர்செனிக் கலந்த மஞ்சள் கனிமம். பெயர் தெரியாத பழைய பொடி இருந்தால் முகர்ந்தும் பார்க்காதீர்கள்.

இனி அப்பாவின் சட்டை. உங்கள் கேள்வியில் என்னை அதிகம் தொட்டது இதுதான். மேடையில் 20 நொடியில் உடை மாற்ற வேண்டியிருக்கும். பார்ப்பவருக்குப் பொத்தான் தெரியும், ஆனால் நடிகர் ஒரு பொத்தானைக்கூடப் போடமாட்டார். அந்தச் சட்டையைத்தான் நீங்கள் தைக்கப் போகிறீர்கள்.

வலப்பக்கப் பட்டையிலுள்ள பொத்தான்களை வெட்டியெடுங்கள். இடப்பக்கத்துப் பொத்தான் துளைகளைத் தைத்து மூடி, அவற்றின் மேலேயே அந்தப் பொத்தான்களைத் தைத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் போட்டிருப்பதுபோலவே இருக்கும். உள்ளே ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் வெல்க்ரோவின் மென்மையான பக்கம் வரட்டும். வலப்பக்கப் பட்டையில் அதற்கு நேராகச் சொரசொரப்பான பக்கம். இரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள். நீளமாக ஒரே பட்டையாகத் தைத்தால் சட்டை பலகைபோல் விறைக்கும், ஒரு முனை கோணினால் முழுவதும் கோணும். துவைக்கும் முன் ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றத் துணிகளைப் பிறாண்டும். காந்தப் பொத்தான் இன்னும் சுலபம், சத்தமும் வராது. ஆனால் அவருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் காந்தத்தின் பக்கமே போகாதீர்கள்.

மணிக்கட்டுப் பொத்தானை எலாஸ்டிக் நூலால் தைத்துப் போட்டபடியே விட்டுவிடுங்கள். கை உள்ளே நுழையும்போது அது விரிந்துகொடுக்கும். உடுத்தும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். காலணிக்கும் எலாஸ்டிக் நாடா போடுங்கள்.

முடிந்தால் அம்மாவையே தைக்கச் சொல்லுங்கள். பெயர்கள் மறக்கலாம். இத்தனை ஆண்டுகள் தைத்த கை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

---

விங்ஸ் ஓரம் எழுதுகிறார்:

மேடை நிர்வாகியாக இருந்தேன். அக்கா உடையைச் சொல்லிவிட்டார், நான் வீட்டைச் சொல்கிறேன்.

விங்ஸில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், ஒரு மேசை இருக்கும். அதன்மேல் வெள்ளைத்தாள் விரித்து, ஒவ்வொரு பொருளையும் வைத்து, சுற்றிக் கோடு வரைந்து, உள்ளே பெயர் எழுதுவோம். வாள், கடிதம், கண்ணாடி, கோப்பை. நாடகம் தொடங்கும் முன் ஒரு பார்வையில் எந்தக் கட்டம் காலி என்று தெரிந்துவிடும். அம்மாவுக்கு வாசலருகே அப்படி ஒரு பலகை செய்யுங்கள். சாவி, மூக்குக்கண்ணாடி, மாத்திரைப் பெட்டி, கைப்பேசி, நான்கே போதும். ‘எங்கே வைத்தாய்?’ என்று அவரிடம் கேட்க வேண்டிய நிலை குறையும். அந்தக் கேள்வி வயதானவர்களை மிகவும் வாட்டும். என் தாயிடம் நானே எத்தனையோ முறை கேட்டு வருத்தப்படுத்தியிருக்கிறேன்.

மேடை விளிம்பிலும் படிகளிலும் இருட்டில் ஒளிரும் பட்டை ஒட்டுவோம். வீட்டு மாடிப்படியின் ஒவ்வொரு முனையிலும் ஒட்டுங்கள். பகலில் வெளிச்சத்தைக் குடித்தால்தான் அது இரவில் ஒளிரும். படிக்கட்டே எப்போதும் இருட்டு என்றால் பயன்படாது, அங்கே சிறிய இரவு விளக்கு வையுங்கள். வெற்று மேடையில்கூட இரவு முழுவதும் ஒற்றை விளக்கை எரியவிட்டுத்தான் நாங்கள் பூட்டிக்கொண்டு போவோம்.

வெளியேறும் வழியில் செருப்புப் பலகையோ பெட்டியோ வைக்காதீர்கள். 1903இல் சிகாகோவில் இரோகுவாய் அரங்கு எரிந்தபோது 600 பேருக்கு மேல் இறந்தார்கள். திறக்க முடியாத கதவுகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். எங்கள் தொழிலில் வழியை மறிப்பதை இன்றும் மன்னிக்கமாட்டார்கள்.

அப்பாவுக்குக் காது மந்தமா? பல அரங்குகளில் காதுக்கருவிக்கு நேரடியாக ஒலியை அனுப்பும் காந்தச் சுற்று உண்டு. கருவியில் ‘டி’ என்ற நிலை இருந்தால் போதும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, அப்பாவுக்கே தெரிந்திருக்கும். விளக்கணையும் காட்சிக்குச் சற்று முன்னால் நடிகர் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரைமணி நேரம்கூட ஆகும். மூடி வைத்த கண்ணுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் முன்பே கிடைத்துவிடுவதால் தடுமாறாமல் வெளியேறலாம்.

---

பழந்தாள் எழுதுகிறார்:

காகிதம் பற்றி மட்டும். முதல் வேலை டிக்கெட்டுகளைப் படம் எடுப்பது, அதுவும் இந்த வாரமே. கடை ரசீதுபோல வழவழப்பான வெப்பத்தாளில் அச்சானவை தாமாகவே வெளுத்துப்போகும், பிறகு எந்த வித்தையாலும் மீட்க முடியாது. நிகழ்ச்சி நிரல்களிலிருந்து துருப்பிடித்த கம்பிகளை மெல்ல நீக்குங்கள். லேமினேட் செய்ய வேண்டாம். கிழிந்த இடத்தில் செல்லோடேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். குறிப்பு எழுத வேண்டுமென்றால் பென்சிலால் பின்பக்கம் எழுதுங்கள். பெட்டி வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் ஈரம் ஏறும், ராமபாணப் பூச்சி வரும்.

கறை விஷயத்தில் தையல் மேசை அம்மாவுடன் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பாட்டியின் கழுத்துப்பட்டையில் ஒப்பனை இருந்தால் அதை எடுக்கவே கூடாது. அவர் முகம் அந்தத் துணியைத் தொட்டதற்கு மிச்சமிருக்கும் சாட்சி அதுதான். துவைத்துவிட்டால் அது யாரோ ஒருவரின் பழைய சட்டை.

---

தையல் மேசை எழுதுகிறார்:

பாட்டியின் சட்டைக்கு நீங்கள் சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். கம்பளிக் கோட்டில் ஏற்கமாட்டேன். வியர்வையும் எண்ணெயும் ஊறிய கம்பளியைத்தான் அந்துப்பூச்சியின் புழு முதலில் தின்னும். அழுக்கோடு பூட்டி வைத்தால் சாட்சியும் போகும், கோட்டும் போகும்.

---

மூன்றாம் வரிசை எழுதுகிறார்:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

கோட்டுகள் சுத்தமாகித் தொங்குகின்றன. பாட்டியின் சட்டையில் காதுக்குக் கீழே வரும் இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல் இருக்கிறது. அதைத் தொடவில்லை. டிக்கெட்டுகளில் பதினொன்று ஏற்கெனவே வெறும் வெள்ளைத் தாள். அவை எந்த நாடகங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன், ஒன்பதுக்கு அளவையும் வண்ணத்தையும் வைத்தே சொன்னார். பின்பக்கம் பென்சிலால் எழுதிவிட்டேன்.

சட்டையை அம்மாதான் தைத்தார். வெல்க்ரோ எதற்கு என்று நான்கு முறை கேட்டார், நான்கு முறையும் சொன்னேன். ஊசி மட்டும் ஒருமுறைகூடத் தயங்கவில்லை. மூன்றாவது பொத்தானைத் தைக்கும்போது, ‘உடை மாற்ற எத்தனை நொடி?’ என்று கேட்டார். அவருக்கு நினைவில் ஓடியது எந்த நாடகம் என்று தெரியவில்லை. ‘இருபது’ என்றேன். ‘அப்படியானால் மேல் பொத்தானுக்குப் பிரஸ் பட்டன் வை, வெல்க்ரோ சத்தம் வெளியே கேட்கும்’ என்றார். அப்படியே வைத்தோம்.

சனிக்கிழமை அப்பா கதவைச் சாத்திக்கொண்டு தானே உடுத்தி வெளியே வந்தார். கழுத்துப் பக்கம் ஒரு சதுரம் விலகியிருந்தது. நான் கை நீட்டவில்லை. கண்ணாடியைப் பார்த்து அவரே சரிசெய்தார். மூவரும் போனோம், மூன்றாம் வரிசை. முதல் பாகத்தின் கடைசிக் காட்சியில் கதாநாயகி கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக அப்பாவின் பக்கம் திரும்பினேன். அவர் ஒரு கண்ணை மூடியிருந்தார். அதன் பிறகுதான் விளக்குகள் அணைந்தன.