மிளகாய்த்தூள் பொதி, லாப் ரிப்போர்ட் இருந்தும் எடுக்கினம் இல்லை. அவசரம்!

விசுவமடு_செத்தல்: 600 கிலோ தூள் அரைச்சுக் கட்டியாச்சு. பூஞ்சணத்தால வாற நஞ்சு அப்லடொக்சின் 8 எண்டு ரிப்போர்ட் கிடக்கு. எல்லை 10 தானே? வாங்கிறவர் வேண்டாம் எண்டுறார். வெள்ளிக்கிழமை லொறி.

பரந்தன்_மில்: எந்த நாட்டுக்கு? 8 எண்டது எல்லா அப்லடொக்சினும் சேர்ந்த மொத்தமோ, அதில ஆகப் பொல்லாத வகையான பி1 மட்டுமோ? மாதிரியை ஆர் எடுத்தது?

கனகராயன்குளம்: தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல்தான் திருப்புவினம். முதல்ல அதை எடுங்கோ.

ஏற்றுமதி_அண்ணை: விதியை வாசிச்சிட்டு வந்து கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். அந்தச் சான்றிதழ் பூச்சிக்கும் பயிர்நோய்க்கும். பூஞ்சண நஞ்சுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின்ர 2023/915 விதியில மிளகாய்க்கு ரெண்டு எல்லை: பி1 5, மொத்தம் 10, கிலோவுக்கு மைக்ரோகிராம் கணக்கில. ரெண்டும் தேற வேணும். மிளகாயில வாறது பெரும்பாலும் பி1தான். ஒக்ராடொக்சின் எண்ட மற்றப் பூஞ்சண நஞ்சு அதே கணக்கில 20க்கு மேல போகக்கூடாது, கிருமி கொல்ல அடிக்கிற வாயு எத்திலீன் ஒக்சைட் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். சிவப்பாக்காட்டக் கலக்கிற சூடான் சாயத்துக்கு இடமே இல்லை.

விசுவமடு_செத்தல்: பாரிஸ். மேல் மூட்டையில கால் கிலோ அள்ளி நான்தான் அனுப்பினது.

மாங்குளம்77: திரும்ப நல்லா வறுங்கோ, இறங்கும். இல்லாட்டி நல்ல தூளோட கலவுங்கோ.

பரந்தன்_மில்: கலக்கிறது அந்த விதியிலயே தடை. வறுத்தால் பூஞ்சணம் சாகும், நஞ்சு நிக்கும். 200 பாகை தாண்டினால்தான் அது ஒழுங்கா உடையும், அதுக்குள்ள மிளகாய் கரியாப்போம்.

மாங்குளம்77: கச்சானுக்கு வறுத்துத்தானே குறைக்கினம்?

பரந்தன்_மில்: கச்சானில முக்கியமாக் குறைக்கிறது கறுத்த, சூம்பின பருப்பைப் பொறுக்கி எறிஞ்சு. செத்தலுக்கும் அதுதான் வழி, ஆனால் அரைக்க முன்னம். நூறு பழத்தில ஒண்டு பழுதெண்டாலும் அரைச்சாப் பிறகு பிரிக்கேலாது. காம்படியில கறுத்தது, வெடிச்சது, பிளந்து பார்த்தால் உள்ளுக்க வெள்ளைப்பூ பிடிச்சது எல்லாம் விலக்குங்கோ. நிலத்தில காயவிடாதேங்கோ, படங்கு, அதிலும் தட்டி உயர்த்தினால் நல்லம், பனிக்கு முதல் மூடவேணும். ஈரப்பதன் 10 சதவீதத்துக்குள்ள வந்தால் கட்டலாம். மூட்டை பலகை மேல, சுவரில முட்டாமல். மாதிரிக்கு எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி எண்டு கொஞ்சங் கொஞ்சமா எடுத்து, ஒண்டாக் கலந்து, அதிலயிருந்து அனுப்புங்கோ. நஞ்சு ஓரிரு இடத்திலதான் குவிஞ்சு கிடக்கும். கால் கிலோ அள்ளல் ஒண்டும் காட்டாது.

ஏற்றுமதி_அண்ணை: ஐ.எஸ்.ஓ 17025 எண்ட லாப் தர அங்கீகாரம் அந்தச் சோதனைக்கே இருக்கோ எண்டும் பாருங்கோ, லாபுக்கு இருந்தால் மட்டும் போதாது. ரிப்போர்ட்டில பொதி இலக்கம் இல்லாட்டி அது வெறுந்தாள்.

கனகராயன்குளம்: அந்தத் தூளை இஞ்சத்தைச் சந்தையில தள்ளிப்போடாதேங்கோ. ஈரலில புற்றுநோய் வரப்பண்ணுற நஞ்சு அது.

விசுவமடு_செத்தல்: லாபில கேட்டன், பி1 6.8. லொறியை நிப்பாட்டியாச்சு. தூள் விக்கேல்லை.