எத்தியோப்பியா, ஏற்காடு, அரக்கு: மூன்று காபியும் ஒரே ருசி. தண்ணீரா, கைப்பக்குவமா?

லாஸ்பேட்டை டிகாஷன்:
மூன்று காபிக்கொட்டை: எத்தியோப்பியா இர்காச்செஃபே (வாஷ்டு, அதாவது பழச்சதையை நீக்கிக் கழுவி உலர்த்தியது), ஏற்காடு (நேச்சுரல்), ஆந்திராவின் அரக்கு (வாஷ்டு). எல்லாமே லைட் வறுவல், சிக்கரி கிடையாது. வி60-யில் (காகித ஃபில்டர் வைக்கும் கூம்பு) 15 கிராமுக்கு 250 மில்லி, கொதித்து இறக்கிய போர் தண்ணீர், 3 நிமிடம். பாக்கெட்டில் மல்லிகை, எலுமிச்சை என்று போட்டிருக்கிறது. தம்ளரில் மூன்றும் மொட்டையாக, கடைசியில் சுண்ணாம்பு தடவினாற்போல் நாக்கில் நிற்கிறது. பால் சேர்க்கவில்லை. எங்கே தவறு? இன்னொன்று, மிளகுக்கொடி படர்ந்த தோட்டத்துக் காபியில் மிளகு ருசி ஏறும் என்கிறார்களே, நிஜமா?

முத்தியால்பேட்டை:
கெட்டிலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. எலுமிச்சை, திராட்சை என்று எழுதுவதெல்லாம் காபியில் உள்ள அமிலங்களைத்தான். போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைச் சமன் செய்துவிடும். எந்த ஊர்க் கொட்டை போட்டாலும் மொட்டைதான்.

தண்ணீரில் கரைந்ததை மொத்தமாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், அதற்கு உப்பும் சுண்ணாம்பும் ஒன்றுதான். மீன் தொட்டிக் கடையில் கேஎச் (பைகார்பனேட் அளவு) பார்க்கும் சொட்டு மருந்து கிடைக்கும். பெரும்பாலானவற்றில் 5 மில்லி தண்ணீரில் நிறம் மாற எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி. காபிக்கு 2 முதல் 3 டிகிரி போதும். போரில் 12 வந்தால் ஒரு பங்கு போர், நான்கு பங்கு ஆர்ஓ கலந்தால் சுமார் 2.4. தனி ஆர்ஓ வேண்டாம், புளிப்பு முள்ளாகக் குத்தும், அடர்த்தி இல்லாமல் தண்ணீராக இருக்கும்.

கடலோரத்தில் போர் கரித்தால் கலக்கவே கூடாது. காய்ச்சினால் சுண்ணாம்பில் கொஞ்சம் படியும், உப்பு போகாது. அப்போது 5 லிட்டர் ஆர்ஓவுக்கு உணவுத்தர எப்சம் உப்பு 0.9 கிராம், சமையல் சோடா 0.35 கிராம். 0.01 கிராம் காட்டும் தராசு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கண் அளவில் போட்டால் சோடா தூக்கலாகி பழைய கதைதான்.

மஞ்சக்குப்பம்:
தண்ணீர் சரி. ஆனால் இந்த மூன்றை வைத்து "மண்ணின் ருசி" பார்க்க முடியாது. ஏற்காடு மட்டும் நேச்சுரல், அதாவது பழத்தோடு உலர்த்தியது. அதில் வருகிற பண்ருட்டிப் பலாச்சுளை ஒரு நாள் அதிகமாகக் கனிந்த வாசனை, சேர்வராயன் மலை தந்ததல்ல, களத்தில் நடந்த நொதிப்பு தந்தது. ஊரை ஊரோடு ஒப்பிட வேண்டுமானால் வாஷ்டுக்கு வாஷ்டு வாங்குங்கள்.

ஊர் என்பதில் மண்ணைவிட உயரம் பெரிது. இர்காச்செஃபே பெரும்பாலும் 1,700 மீட்டருக்கு மேல். இரவுக் குளிரில் பழம் மெதுவாகக் கனியும், கொட்டை இறுகும், அமிலமும் சர்க்கரையும் சேரும். அரக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர்தான், ஆகவே புளிப்பு மட்டாக இருக்கும், அது குறையில்லை. அடுத்தது ரகம். எத்தியோப்பியாவில் நாட்டு ரகங்கள், நம் தோட்டங்களில் எஸ்.795 போல நோய் தாங்கத் தேர்ந்தெடுத்தவை. மல்லிகை வாசத்தில் ரகத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

மிளகு விஷயம் கதை. கொடியின் வாசம் பழத்தோல் தாண்டி விதைக்குள் போகாது. கொடி படரும் நிழல் மரம் காபிப் பழம் கனிவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஆனால் பச்சைக் கொட்டையை மிளகு மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கினால் வாசம் பிடிக்கும், அது கிடங்கின் தப்பு. பறித்த பிறகு ஊர்க்காற்று ருசியை மாற்றுவதற்கு நல்ல உதாரணம் மான்சூன்டு மலபார்: மேற்குக் கரைக் கிடங்குகளில் பருவமழைக் காற்றில் பரப்பி வைப்பார்கள், கொட்டை ஊதி வெளுக்கும், புளிப்பு அடங்கிவிடும்.

கடைப் பலகையில் "பிளாண்டேஷன்" என்றால் வாஷ்டு அரபிகா, "செர்ரி" என்றால் பழத்தோடு உலர்த்தியது. செர்ரிப்பழ ருசி என்று நினைத்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

லாஸ்பேட்டை டிகாஷன்:
கேஎச் 14 சொட்டு! கலந்து பார்க்கிறேன். மூன்றையும் ஒரே நேரத்தில் ருசிக்க வழி உண்டா? வி60-யில் கை மாறினால் ருசியும் மாறுகிறது.

முத்தியால்பேட்டை:
14 என்றால் போர் ஒன்று, ஆர்ஓ ஐந்து. ருசிக்க ஃபில்டர் எதுவும் வேண்டாம். மூன்று ஒரே அளவுக் கண்ணாடி தம்ளர், ஒவ்வொன்றிலும் 11 கிராம், கரகர ரவை பதம். 93 டிகிரி தண்ணீர் 200 மில்லி ஒரே மூச்சில் ஊற்றுங்கள். 4 நிமிடம் தொடாதீர்கள். பிறகு மேலே மிதக்கும் மண்டியைக் கரண்டியால் மூன்று முறை தள்ளி, மூக்கை வைத்து முகர்ந்து, நுரையை வழித்து எடுங்கள். 12-ஆம் நிமிடத்தில் உறிஞ்சுங்கள், ஆற ஆறத் திரும்பவும். சூட்டில் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், வெதுவெதுப்பில்தான் பிரியும்.

கரண்டியை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். மீதிக் கொட்டையை ஃபிரிஜ்ஜில் வைக்காதீர்கள், நம்ம ஊர் ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.