தன்லினில் கோயிலுக்கு ஆழ்துளைக் கிணறு (போர்): ரேடாரா, மின்தடை ஆய்வா?

கேள்வி: வணக்கம். மியான்மரில் உள்ள தன்லினில் எங்கள் கோயிலுக்குப் போர் போட வேண்டும். பக்கத்துத் தெருவில் போட்டதில் உவர்நீர்தான் வந்தது. ஒருவர் தரைக்குள் அலை அனுப்பும் ரேடாரில் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். ஊர்ப் பணம், வீணாகக் கூடாது.

பதில்: அண்ணா, தாழ்வான பகுதி என்றால் ரேடார் வேண்டாம். ஈரக் களிமண்ணில் அந்த அலை ஓரிரு மீட்டரிலேயே அடங்கிவிடும். மின்தடை ஆய்வு கேளுங்கள். தரையில் 4 கம்பி அடித்து, வெளிக் கம்பிகளில் மின்சாரம் விட்டு, உள் கம்பிகளில் மின்னழுத்தம் அளப்பார்கள். கம்பிகளை விலக்க விலக்க ஆழம் கூடும். 60 மீட்டர் ஆழம் பார்க்க ஏறக்குறைய 300 மீட்டர் நீள இடம் தேவை.

இன்னொரு பதில்: களிமண், உவர்நீர் மணல் இரண்டுமே குறைந்த தடைதான் காட்டும். பக்கத்துப் போரில் எந்த ஆழத்தில் என்ன மண் வந்தது என்று தெரிந்தால்தான் பிரிக்க முடியும். அதை முதலில் வாங்குங்கள் ஐயா.

கேட்டவர்: சரி, போர்க்காரரிடம் கேட்கிறேன். பின்னால் வயல் இருக்கிறது, நீளம் போதும்.