மறு: டிபவுன்ஸ் – ‘இரட்டை நீக்கம்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். நிரலாக்கத்தில் டிபவுன்ஸ் (debounce) என்பது, அடுத்தடுத்து வரும் நிகழ்வுகளுக்கெல்லாம் தனித்தனியே ஓடாமல் ஒரே தடவை வேலை செய்யும் உத்தி. அதற்குத் தமிழில் ‘இரட்டை நீக்கம்’ எனலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ஒரே அறிவிப்பு இரண்டு தடவை வருகிறது, ஒன்றைத் தூக்கிப் போடுகிறோம். அதற்கு ‘இரட்டை நீக்கம்’ போதாதா?

போதும் என்றுதான் நானும் இருந்தேன், அண்ணா. மொழிபெயர்ப்புக் கோப்புகள் இருக்கும் கோப்புறையைக் கண்காணிக்க ஒரு சின்ன நிரல் எழுதியபோதுதான் எண்ணம் மாறியது. கோப்பைச் சேமித்ததும் அதைத் தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒருமுறை சேமித்தால் தொகுப்பி மூன்று முறை ஓடியது. அதில் ஒருமுறை ‘கோப்பே இல்லை’ என்று வேறு புலம்பியது. கண்முன்னே இருக்கிற கோப்பு எப்படி இல்லாமல் போகும்?

வந்த நிகழ்வுகளை எல்லாம் அச்சிட்டுப் பார்த்தேன். நான் கோப்புகளைத் திருத்தும் மென்பொருள் விம் (Vim). முதலில் ‘4913’ என்று ஒரு கோப்பு பிறந்து அடுத்த கணமே அழிந்தது. (அந்தக் கோப்புறையில் எழுத முடியுமா என்று விம் தொட்டுப் பார்ப்பது அப்படித்தான். பேய் பிசாசு இல்லை.) அப்புறம் என் கோப்பின் பெயர் மாறி, வாலில் ஓர் அலைக்குறி (~) ஒட்டிக்கொண்டது. பழைய பெயரில் புதுக்கோப்பு உருவானது, எழுதப்பட்டது, மூடப்பட்டது, அதன் அனுமதிகள் மாறின. கடைசியில் வால் முளைத்த கோப்பு அழிந்தது. பெயர் மாறியதற்கும் புதுக்கோப்பு உருவானதற்கும் இடைப்பட்ட நொடித்துளியில் என் நிரல் எட்டிப் பார்த்திருக்கிறது.

இதில் எது எதற்கு இரட்டை? ஒவ்வொன்றும் வேறு நிகழ்வு, ஒவ்வொன்றும் உண்மை. நமக்குத்தான் அத்தனையும் சேர்ந்து ‘சேமித்தார்’ என்ற ஒரே செய்தி. கோப்புறையைக் கண்காணிக்க டாட்நெட் தரும் கருவியான ஃபைல்சிஸ்டம்வாட்சரின் ஆவணமும் இதையே சொல்கிறது: கோப்பை நகர்த்துவது போன்ற சாதாரண வேலைக்கே பல நிகழ்வுகள் எழலாம், வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்பைத் தொட்டாலும் எழலாம்.

உண்மையான இரட்டை நீக்கத்தை, கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் லினக்ஸின் ஐநோட்டிஃபை வசதி ஏற்கெனவே செய்கிறது. வரிசையின் கடைசியில் படிக்கப்படாமல் நிற்கும் நிகழ்வும் புதிதாக வருவதும் அச்சு அசலாக ஒன்றே என்றால், கெர்னலே (இயங்குதளத்தின் கருப்பகுதியே) இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அந்தச் சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோம்.

> மின்னணுவியலில் ‘துள்ளல் நீக்கம்’ என்பார்களே?

அங்கே அது அழகாகப் பொருந்தும். பொத்தானை அழுத்தியதும் உள்ளேயிருக்கும் உலோகத் தகடு சில மில்லிநொடி உண்மையாகவே துள்ளுகிறது. ஒரு அழுத்தல் பல அழுத்தலாகத் தெரிகிறது. கோப்புறையில் எது துள்ளுகிறது? ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றையே இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

சரி, நிரல் என்னதான் செய்கிறது? ஒரு நிகழ்வு வந்ததும் கடிகாரத்தை ஓட விடுகிறது, 300 மில்லிநொடி என்று வையுங்கள். அதற்குள் இன்னொன்று வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறது. 300 மில்லிநொடி முழுக்க எதுவும் வராவிட்டால்தான் வேலையைத் தொடங்குகிறது. எதையும் ‘நீக்குவது’ இதன் குறி இல்லை. சந்தடி நிற்கும்வரை காத்திருப்பதுதான் குறி.

முதலில் ‘அடங்கல்’ என்று எழுதினேன். வீட்டில் படித்துப் பார்த்தவர், “கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்குவோமே, அதுவா?” என்றார். அடித்துவிட்டேன்.

இப்போது என் பரிந்துரை: ஓயவிடல். வினையாக, ஓயவிடு. ‘மழை ஓயட்டும், அப்புறம் கிளம்பலாம்’ என்கிறோமே, அதே ஓய்தல்தான். அனுமதி மாற்றம், வால் கோப்பு அழிப்பு எல்லாம் மழை விட்டும் விடாத தூவானம். அதற்கும் சேர்த்துத்தான் காத்திருக்கிறோம். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘மாற்ற நிகழ்வுகளை 300 மில்லிநொடி ஓயவிடு’, ‘ஓயவிடாமல் படித்தால் பாதி எழுதிய கோப்பு கிடைக்கலாம்’. நெருடவில்லை என்று நினைக்கிறேன். கடிகார அளவை ‘ஓய்நேரம்’ எனச் சுருக்க ஆசைதான், ஆனால் ஓய்வுநேரத்தோடு குழம்பும். ‘ஓயும் நேரம்’ என்றே இருக்கட்டும்.

> முதல் நிகழ்விலேயே வேலையைச் செய்துவிட்டு மற்றதைப் புறக்கணிக்கும் வகை உண்டே. அதில் எதை ஓயவிடுகிறீர்கள்?

நல்ல கேள்வி, இதில்தான் கொஞ்சம் தடுமாறினேன். அந்த வகையிலும் அடுத்த முறை வேலை நடக்க, இடையே ஓய்ந்திருக்க வேண்டும். ஆகவே ‘முன்முனை ஓயவிடல்’ என்று அடைகொடுத்தால் போதும். கோப்புக் கண்காணிப்புக்கு அது உதவாது என்பது வேறு விஷயம்: 4913-ஐப் பார்த்ததுமே தொகுக்கக் கிளம்பிவிடும்.

இன்னொரு சிக்கல், ஓயாத கோப்பு. பதிவுக் கோப்பில் நொடிக்குப் பத்து வரி விழுந்துகொண்டே இருந்தால் 300 மில்லிநொடி அமைதி கிடைக்கவே கிடைக்காது, வேலையும் நடக்காது. அதனால்தான் லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தின் டிபவுன்ஸில் ‘இதற்கு மேல் காத்திருக்காதே’ என்று ஓர் உச்ச அளவும் கொடுக்கலாம். அதை ‘காத்திருப்பு உச்சம்’ எனலாமா? ‘பொறுமை எல்லை’ என்றும் ஒன்று தோன்றியது, கலைச்சொல் பட்டியலில் அது கொஞ்சம் விளையாட்டாகத் தெரியும்.

இதன் உறவுக்கார உத்தியான த்ராட்டிலை (throttle) இதோடு சேர்க்க வேண்டாம். அது ஓயும்வரை காத்திருக்காது, ‘நொடிக்கு ஒன்றுதான்’ என்று அளந்து விடும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். ஓயவிடலுக்கு மறுப்பு இருந்தால் இங்கேயே எழுதுங்கள், மாற்றுச் சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டினால் நல்லது.