எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்தில் இருக்கும் பூனைக்கு ஆறாத புண், உதவுங்க

வணக்கம். எங்க செல்லிக்கு ஆறு வயசு, 3.8 கிலோ. ஈறு புண்ணாகி வீங்கி, பல்லெல்லாம் எடுத்த பிறகும் வீக்கம் அடங்கல. எட்டு மாசமா தினம் 25 மி.கி. சைக்ளோஸ்போரின், கூடவே கொஞ்சம் பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு. அதுக்கப்புறம்தான் வலியில்லாம சாப்பிட ஆரம்பிச்சா.

மூணு வாரம் முன்னாடி முன்னங்கால்ல மிளகு அளவு ஒரு கட்டி. இப்போ சுண்டைக்காய் அளவு. உடைஞ்சு இளஞ்சிவப்பா நீர் கசியுது. பஞ்சால துடைச்சா அரை மணி நேரத்துல முடி திரும்ப நனைஞ்சு ஒட்டிக்குது. பத்து நாள் அமாக்சிசிலின் கொடுத்தும் துளி மாற்றமில்ல. பூஞ்சையாவோ நோகார்டியாங்கற பாக்டீரியாவாவோ இருக்கலாம்னு டாக்டர் சந்தேகப்படறார். டாக்ஸோபிளாஸ்மாங்கற ஒட்டுண்ணி பயத்துல பச்சைக்கறி கொடுக்கறதில்ல, வெளிய விடறதுமில்ல. அப்படியும் இது வந்திருக்கு.

மதுரைப் பக்கம் பூனைக்குப் பூஞ்சை கல்ச்சர் (சாம்பிளை வளர்த்துப் பார்க்கற டெஸ்ட்) பண்ற லேப் இருக்கா? நோகார்டியா மெதுவா வளரும், சாதாரண கல்ச்சர் மாதிரி ரெண்டு மூணு நாள்ல மூடிடாம சில வாரம் வெச்சுப் பார்க்கணும்.

பூஞ்சைக்கான இட்ராகொனசோல் மருந்தைச் சேர்த்தா ரத்தத்துல சைக்ளோஸ்போரின் அளவு ஏறிடும். ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? உங்க டாக்டர் டோஸை எப்படிக் குறைச்சார், ரத்த அளவை எங்க பார்த்தீங்க?

பிரெட்னிசோலோனை சட்டுனு நிறுத்தறது ஆபத்து, அதனால அதை மட்டும் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமை ஊசி வெச்சு சாம்பிள் எடுக்கறாங்க. அதுக்குள்ள லேப் விவரம் கிடைச்சா பெரிய உதவி.