ரோட்ஸ் தீவில் அரைநாள்: அரண்மனையா, தொல்லியல் அருங்காட்சியகமா?

கேள்வி – மாடக்குளத்தான்

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் குடும்பத்துடன் கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில் செல்லவிருக்கிறோம். ரோட்ஸ் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நேரம் குறைவு என்பதால், கோட்டை மதிலுக்குள் இருக்கும் பழைய நகரத்தைப் பார்க்க அரைநாள்தான் கிடைக்கும். மூட்டுவலியுள்ள என் தாயாரும் உடன் வருகிறார். இடைக்காலத்தில் தீவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்களின் பெருந்தலைவர் வாழ்ந்த அரண்மனை, அந்த வீரர்களின் மருத்துவமனையாக இருந்து இன்று தொல்லியல் அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடம் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும் என்றால், நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? சிற்பங்களில் எனக்கு ஆர்வம் உண்டு. பானைகளையும் குவளைகளையும் அறை அறையாகப் பார்த்துக்கொண்டே போகும் பொறுமை மட்டும் இல்லை.

மறுமொழி – கல்தச்சன்

தயங்காமல் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அரண்மனை வெளியிலிருந்து பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் 1856இல் நேர்ந்த வெடிமருந்து விபத்தில் பெரிதும் சிதைந்துபோன அதை, தீவு இத்தாலியர் வசம் இருந்தபோது 1937 முதல் 1940 வரை ஏறக்குறையப் புதிதாகவே எழுப்பினார்கள். அதன் தரைகளில் பதித்திருக்கும் பழங்கால மொசைக் ஓவியங்கள்கூடப் பல கோஸ் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. மருத்துவமனையின் கதை வேறு. பெருந்தலைவர் ஃப்ளூவியா உயிலில் எழுதிவைத்துப் போன பணத்தைக் கொண்டு 1440இல் தொடங்கி, பல தலைவர்களைக் கடந்து 1489இல் முடிக்கப்பட்ட கட்டடம் அது. இத்தாலியர் இதையும் பழுதுபார்த்தார்கள் என்றாலும், நீங்கள் தொட்டுப் பார்க்கும் சுவர் பெரும்பாலும் பழைய சுவர்தான்.

முற்றத்தைக் கடந்ததும் மற்ற அறைகளுக்குள் நுழைந்துவிடாமல், முதலில் மேல்தளத்திலுள்ள நோயாளிகளின் கூடத்துக்குச் செல்லுங்கள். ஐம்பது மீட்டருக்கும் அதிகமான நீளம். நடுவே ஒரே வரிசையில் தூண்கள், அவற்றின்மேல் வளைவுகள், அதற்கும் மேலே மரக்கூரை. பக்கச் சுவர்களில் தாழ்வான வாயில்கள் வரிசையாகத் தெரியும். குனிந்து எட்டிப் பார்த்தால், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் சன்னலே இல்லாத ஒரு சிற்றறை இருக்கும். தொற்றுநோயாளிகளைத் தனியே வைக்க, பாவமன்னிப்புக் கேட்க, உடைமைகளை வைக்க என்று அவற்றின் பயனைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். கிழக்குச் சுவரின் நடுவில் வெளியே பிதுங்கி நிற்கும் மாடத்தில் பலிபீடம் இருந்ததால், படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களும் அங்கிருந்தபடியே திருப்பலியில் கலந்துகொள்ள முடிந்தது. இந்தக் கூடத்தைப் பார்த்த பிறகுதான் மற்ற அறைகளின் அமைப்பு பிடிபடும்.

மறுமொழி – சுதைமண்

அருங்காட்சியகம் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சிற்பம் பார்க்க வருபவரைக் கூடத்திலேயே நிறுத்திவைப்பது நியாயமாகாது. இதே தீவின் பண்டைய நகரான கமிரோஸில் கிடைத்த கிரிட்டோ, திமாரிஸ்டா என்னும் இருவரின் கல்லறைக் கல்லை முதலில் தேடிப் பாருங்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தப் பளிங்குக் கல்லில், துக்கத்தின் அடையாளமாகக் கூந்தல் கத்தரிக்கப்பட்ட இளம்பெண் மற்றவளை அணைக்கக் கைநீட்டுகிறாள். அவளோ அணைப்புக்கு இடம்கொடுத்தும் பார்வையைச் சற்றே விலக்கி நிற்கிறாள். மேலே இருவர் பெயரும் வெட்டப்பட்டிருக்கின்றன. என் கணக்கில் அங்குள்ள ஆகச் சிறந்த படைப்பு இதுதான். கூட்டம் மொய்ப்பதென்னவோ குந்தி அமர்ந்து ஈரக்கூந்தலை இரு கைகளாலும் விரித்துப் பிடித்திருக்கும் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியின் முன்னால். அது அரை மீட்டர் உயரம்கூட இல்லாத சிறு சிலை என்பதால், அஞ்சலட்டையைப் பார்த்துவிட்டு வருபவர்கள் கொஞ்சம் ஏமாறுவார்கள். சூரியக் கடவுள் ஹீலியோஸின் தலையையும் தவறவிடாதீர்கள். உலோகக் கதிர்களைச் செருகுவதற்காகத் துளைத்த ஓட்டைகள் அதில் இன்றும் இருக்கின்றன. குவளை அறைகளை வேகமாகக் கடந்துவிடலாம், பாதகமில்லை.

மறுமொழி – நடைவழி

தாயாரைப் பற்றி யாரும் பேசவில்லையே! அருங்காட்சியகம் வீரர் தெருவின் கீழ்முனையில், துறைமுகப் பக்கமாக இருக்கிறது. அரண்மனையோ கல் பாவிய அந்தத் தெருவின் மேல்முனையில். மூட்டுவலி உள்ளவருக்கு அந்த ஏற்றம் வேண்டாம். அருங்காட்சியகத்திலும் முற்றத்திலிருந்து மேல்தளத்துக்குக் கற்படிகள் ஏற வேண்டியிருக்கும். அவரால் முடியாவிட்டால், வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த முற்றத்தின் நிழலில் இருக்கலாம். காளையின் தலையை முன்னங்கால்களுக்கிடையே பிடித்திருக்கும் கற்சிங்கமும், கவண்பொறிகளில் வைத்து எறிந்த கற்குண்டுகளும் அங்கேயே இருக்கின்றன. திறப்பு நேரம் பருவத்துக்கேற்ப மாறும் என்பதால் புறப்படுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர் – மாடக்குளத்தான்

மிக்க நன்றி, அருங்காட்சியகம் என்றே முடிவு செய்துவிட்டோம். மருத்துவமனையின் செதுக்கு வேலைப்பாடு மிகுந்த பழைய மரக்கதவுகளைப் பற்றி எங்கோ படித்த நினைவு; அவை இன்னும் வாசலில்தான் இருக்கின்றனவா?

மறுமொழி – கல்தச்சன்

இல்லை. 1836இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அவற்றைப் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்புக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். இப்போது வெர்சாய் அரண்மனையின் சிலுவைப்போர் அறைகளில் இருக்கின்றன. அந்தப் பக்கம் போக நேர்ந்தால், அந்த அறைகள் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.