'ஆர்டர்', 'சேவ்', 'ஓபன்': ஸ்பானிஷில் எந்தச் சொல்?

நெய்தல்: ஒரு கடை ஆப்பை ஸ்பானிஷுக்கு மாற்றுகிறேன். 'ஆர்டர்' மூன்று திரைகளில் வருகிறது, மொழிபெயர்ப்புகளை வைக்கும் பிஓ கோப்பில் ஒரே வரிதான். 'பெதிதோ' போட்டால் வரிசைப்படுத்தும் பட்டனிலும் அதுவே வந்து நிற்கிறது. இன்னொரு வரி சேர்த்தால் கம்பைல் ஆக மறுக்கிறது. என்ன செய்யலாம்?

சுண்டெலி: பொருள் வாங்கும் ஆர்டருக்கு 'பெதிதோ' சரி. பட்டனில் அது வினைச்சொல், அதனால் 'ஓர்தெனார்'. பெயர்ச்சொல்லில்தான் வழுக்கும்: 'எல் ஓர்தென்' என்றால் வரிசை, 'லா ஓர்தென்' என்றால் கட்டளை. சொல் ஒன்றே, பால் மாறினால் பொருளும் மாறும். மெக்சிகோ உணவகத்தில் சாப்பாட்டு ஆர்டரும் 'லா ஓர்தென்'தான். எந்த நாட்டுக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையசோறு: கம்பைல் சிக்கலுக்குக் காரணம், பிஓ கோப்பைக் கையாளும் மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்ட் ஆங்கில வாக்கியத்தையே சாவியாக வைத்துக்கொள்வது. ஒரே சாவி இரண்டு முறை வந்தால் பிழை காட்டும். ஒவ்வொன்றுக்கும் மேலே 'எம்எஸ்ஜிசிடிஎக்ஸ்டி' வரி சேர்த்து 'பட்டன்', 'ரசீது' என்று சூழலை எழுதுங்கள். நிரலிலும் சூழலோடு சொல்லைத் தேடும் 'பிகெட்டெக்ஸ்ட்' ஃபங்ஷனை வைத்து அதே சூழலைக் கொடுக்க வேண்டும். கோப்பை மட்டும் திருத்தினால் அந்த மொழிபெயர்ப்பு திரைக்கு வரவே வராது.

சுண்டெலி: 'சேவ்' இருந்தால் அதையும் பிரியுங்கள். கோப்புக்கு 'குவார்தார்', தள்ளுபடிக்கு 'ஆஒர்ரார்'. 'ஓபன்' பட்டனில் 'அப்ரிர்'. நிலையைக் காட்டினால் பால் பார்க்க வேண்டும்: கடை பெண்பால், அதற்கு 'அபியெர்தா'; பெதிதோ ஆண்பால், அதற்கு 'அபியெர்தோ'.

நெய்தல்: நிரலைத் தொடாமல் கோப்பில் மட்டும் மாரடித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஓடுகிறது, நன்றி.